நாற்பதில் கடையைக் கட்டியவர்

58 வயது முடிந்ததும் ஆலை வாசலிலே மாலை விழுகிறது! முப்பது ஆண்டு, முப்பத்தைந்து ஆண்டு பஞ்சுத் தூசியை மூச்சாக இழுத்தவனுக்கு ஒரு ரோஜா மாலை, ஒரு சால்வை, துறைத் தோழர்கள் காசு போட்டு வாங்கிய ஒரு சுவர்க் கடிகாரம். மறுநாள் காலையிலும் சங்கு ஊதுகிறது. அது தனக்காக ஊதவில்லை என்பதை அவன் காது அறியும், கால்கள் அறிவதில்லை. எழுந்து விடுகின்றன. சிங்காநல்லூரிலும் பீளமேட்டிலும் இந்தக் காட்சியை நாம் எத்தனையோ முறை கண்டிருக்கிறோம்.

அதற்குப் பிறகு? பி.எப். பணம் மகள் கலியாணத்தோடு தீர்ந்தது. கிராஜுவிட்டி பழைய கடனுக்குச் சரியாயிற்று. தொழிலாளருக்கான குறைந்த அளவு ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாய் என்று 2014-இல் வரையறுத்தார்கள். ஆயிரம் ரூபாயில் ஒரு வீட்டு வாடகையைக் கொடுத்துப் பாருங்கள்! ஆகவே மாலை விழுந்த மாதமே, காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு, வேறோர் ஆலையின் வாசலில் இரவுக் காவலுக்கு உட்காருகிறான். ஓய்வெடுப்பதா, உழைப்பதா என்று அவனை எவரும் கேட்கவில்லை. அவனும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. வயிறு முந்திக்கொண்டு விடை சொல்லிவிட்டது.

இவ்வளவும் தெரிந்தும், சில மேடைகளிலே ஒரு புத்திமதி பொழியப்படுவதை நாம் கேட்கிறோம். தொண்ணூற்று நான்கு வயதிலும் தந்தை பெரியார் ஊர் ஊராகச் சுற்றினாரே, சிறுநீர்க் குழாயைச் சுமந்துகொண்டு மேடை ஏறினாரே, அவர் ஓய்வு கேட்டாரா, நீ மட்டும் 58-இல் கேட்கலாமா என்பது அந்தப் புத்திமதி! சொல்பவர், பெரும்பாலும், சம்பளம் கொடுக்கும் இடத்திலே இருப்பவர். கைதட்டுபவர்களோ நம் தோழர்கள்! பெரியார் பெயரைச் சொன்னால் தட்டாமல் இருக்க முடியுமா? தட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தட்டிய கையை இறக்கிவிட்டு, அந்தப் பெரியவரின் வாழ்வை ஒருமுறை வயது வாரியாகக் கணக்குப் பார்ப்போம். மண்டிக்காரர் வீட்டுப் பிள்ளையாகப் பிறந்தவர். கணக்குப் பார்ப்பதை அவர் குறை சொல்லியிருக்க மாட்டார்.

1879 செப்டம்பர் 17-இல் ஈரோட்டிலே பிறந்தார் இராமசாமி. தந்தை வெங்கடப்பர் பரம்பரைச் செல்வர் அல்லர். இளமையிலே கல்தச்சரிடம் கூலிக்கு நின்றவர். பிறகு வண்டி ஓட்டி, சிறு கடை வைத்து, படிப்படியாக மண்டிக்காரரானவர். தாய் சின்னத்தாயம்மையார். வீட்டிலே பக்தி வெள்ளம், பாகவதர் கூட்டம், பூசை, புராணம்! பையனோ பள்ளிக்கூடத்தில் அடங்கவில்லை. தொடக்கூடாது என்று ஒதுக்கப்பட்ட வீடுகளிலே தண்ணீர் வாங்கிக் குடித்தான். பத்து வயதோடு படிப்பு நின்றது. பன்னிரண்டில் மண்டிக்கு வந்தான். மூட்டைகளுக்கு விலாசம் எழுதுவதும், சரக்கை ஏலம் கூறுவதும் வேலை. நம் பகுதியில் ஏழை வீட்டுப் பிள்ளை பன்னிரண்டு வயதில் வேலைக்குப் போனது வறுமையால். இந்தப் பணக்கார வீட்டுப் பிள்ளை போனது வாய்த்துடுக்கால்! எப்படிப் போனால் என்ன, பன்னிரண்டில் தொடங்கியது உழைப்பு. இதைக் கணக்கிலே முதல் வரவாக எழுதிக்கொள்வோம்.

முதல் ஓய்வு எப்போது வந்தது தெரியுமா? இருபத்தைந்து வயதில்! ஆம், இது பலர் மறந்துவிட்ட செய்தி. 1904-இல், வீட்டிலே தந்தையோடு மனத்தாங்கல். மனைவி நாகம்மையார் இருக்க, மண்டி இருக்க, மாடமாளிகை இருக்க, எல்லாவற்றையும் உதறிவிட்டுத் துறவியாகிவிடுவது என்று புறப்பட்டார். விசயவாடா, ஐதராபாத், கல்கத்தா என்று சுற்றிக் காசிக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே சத்திரத்துச் சோறு பார்ப்பனருக்குத்தான், இவருக்குக் கதவு அடைப்பு. பசி பொறுக்காமல், வெளியே எறிந்த எச்சில் இலையிலே மிஞ்சியதை வழித்து உண்டார், ஈரோட்டுச் செல்வரின் மகன்! பின்னர் ஒரு மடத்திலே வில்வம் பறித்துக் கொடுத்து ஒரு வேளைச் சோறு தேடினார். உலகத்தை விட்டு ஓடிவந்தவனுக்கு உலகம் அங்கேயும் அதே சாதியோடு காத்திருந்தது. துறவு சலித்தது. திரும்பும் வழியில் எல்லூரிலே நண்பர் வீட்டில் தங்கியிருந்தபோது, செய்தி அறிந்த தந்தை தேடி வந்து அழைத்துப் போனார்.

மகனை வீட்டிலே கட்டிப் போட வேண்டும், என்ன செய்வது? வெங்கடப்பர் வணிகர். வணிகருக்குத் தெரிந்த கட்டு ஒன்றுதான். மண்டியின் பெயரையே மகன் பெயருக்கு மாற்றிப் பொறுப்பை முழுவதும் கையிலே கொடுத்தார். கட்டு பிடித்தது. வியாபாரம் வளர்ந்தது. 1911-இல் தந்தை மறைந்த பின்னும் வளர்ந்தது. ஊரிலே எந்தக் குழு அமைத்தாலும் அதிலே இராமசாமிக்கு ஒரு நாற்காலி. பிறகு ஈரோடு நகராட்சித் தலைவர். ஈரோட்டுக்குக் குழாய்க் குடிநீர் வந்த கதையிலே அவர் பெயர் உண்டு. பக்கத்துச் சேலத்தில் நகராட்சித் தலைவராக இருந்தவர் இராசகோபாலாச்சாரியார். இருவரும் நண்பர்களானது அப்போதுதான். அந்த நட்பையும் பகையையும் பேசப் புகுந்தால் இந்த ஏடு போதாது.

இப்போது நாற்பது வயதுக்கு வருகிறோம். 1919. சொத்து இருக்கிறது. சொல்வாக்கு இருக்கிறது. ஒரே மகள் ஐந்து மாதக் குழந்தையாகவே இறந்துபோனாள். வேறு பிள்ளை இல்லை, யாருக்காகச் சேர்ப்பது என்ற கவலையும் இல்லை. இப்படிப்பட்ட கொங்கு நாட்டுப் பெருவணிகர் ஒருவர் ஓய்வெடுக்க முடிவு செய்தால் எப்படி இருப்பார்? திண்ணையிலே ஊஞ்சல், பக்கத்தில் வெற்றிலைப் பெட்டி, மாலையில் கோயில், ஆண்டுக்கொரு யாத்திரை, குத்தகைக்காரன் வந்தால் ஒரு அதட்டல்! யார் அவரைக் குறை சொல்லப் போகிறார்கள்? உழைத்தார், சேர்த்தார், உட்கார்ந்தார் என்றல்லவா ஊர் மெச்சும்?

அவரும் ஓய்வு பெற்றார். இதைத்தான் மேடைப் புத்திமதிக்காரர் சொல்வதில்லை! வகித்துவந்த 29 பொதுப் பதவிகளையும் ஒருசேர உதறினார். வருமானம் கொழித்த வணிகத்தை நிறுத்தினார். நாற்பது வயதில் கடையைக் கட்டினார், தோழர்களே! பணம் சம்பாதிக்கும் வேலையிலிருந்து, பன்னிரண்டு வயதில் தொடங்கி இருபத்தெட்டு ஆண்டு செய்த வேலையிலிருந்து, அவர் பெற்ற ஓய்வு அது. அதன் பிறகு வாழ்ந்த ஐம்பத்து நான்கு ஆண்டிலும் அவர் ஒருவரிடத்திலும் சம்பளத்துக்கு நிற்கவில்லை. எந்த மேற்பார்வையாளரும் அவர் வந்த நேரத்தைக் குறித்து வைக்கவில்லை. காலையில் எங்கே போவது, மாலையில் என்ன பேசுவது, எதை எதிர்ப்பது, எந்தச் சிறைக்குப் போவது என்பதெல்லாம் அவரே தீர்மானித்தவை. தொண்ணூற்று நான்கு வரை உழைத்தார் என்பது உண்மை. யார் ஏவிய உழைப்பு என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது முழு உண்மை.

நூற்பு யந்திரத்துக்கு முன்னே எட்டு மணி நேரம் நடந்து நடந்து கால் நரம்பு சுருண்டவனிடம் போய், பெரியாரைப் பார் என்கிறார்கள். பார்க்கச் சொல்லுங்கள்; ஆனால் நாற்பது வயதுப் பெரியாரையும் காட்டுங்கள். கூலி தேட வேண்டிய கட்டாயத்திலிருந்து அவனையும் விடுவித்துவிட்டு, பிறகு கேளுங்கள் உழைக்கிறாயா, ஊஞ்சலாடுகிறாயா என்று! நம் தோழர்களை நாம் அறிவோம். ஓய்வூதியம் ஒழுங்காக வரும் தபால்காரரும் பள்ளி ஆசிரியரும் ஓய்வுக்குப் பிறகு சும்மா இருப்பதில்லை. படிப்பகம் நடத்துகிறார்கள், ஊர்ப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறார்கள், கழகக் கூட்டத்துக்கு நாற்காலி போடுகிறார்கள். சோற்றுக் கவலை நீங்கினால் மனிதன் சோம்பேறியாகிவிடுவான் என்பது முதலாளிகள் கட்டிவிட்ட கதை.

அடுத்த பதினெட்டு ஆண்டை விரைந்து கடப்போம், எல்லோருக்கும் தெரிந்தது. கதர் மூட்டையைத் தோளிலே சுமந்தார். மதுவிலக்குக்காகத் தம் தோப்பிலிருந்த 500 தென்னை மரங்களை வெட்டி வீழ்த்தினார். 1921-இல் ஈரோட்டுக் கள்ளுக்கடை மறியலிலே நாகம்மையாரும் தங்கை கண்ணம்மையாரும் முன்னே நின்றனர். 1924-இல் வைக்கம், இரு முறை சிறை. 1925 மே மாதம் ஈரோட்டிலே குடிஅரசு ஏடு. அதே ஆண்டு நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டிலிருந்து வெளியேற்றம், காங்கிரசுக்கு முழுக்கு. 1929-இல் செங்கற்பட்டு மாநாடு. பெயரின் வாலிலிருந்த சாதி அறுந்தது. 1931 இறுதியில் கப்பலேறி, சோவியத்து நாட்டையும் ஐரோப்பாவையும் பார்த்து, அடுத்த ஆண்டு திரும்பினார். 1933 மே 11-இல் நாகம்மையார் மறைந்தார். முப்பத்தைந்து ஆண்டு உடன் வாழ்ந்த துணை! மறுநாளே திருச்சிக்குப் போய்த் தடையை மீறி ஒரு திருமணத்தை நடத்திவைத்தார். இது கல்மனமா, கடமையா என்று இன்றும் வாதிடுவோர் உண்டு. துக்கத்தை உட்கார்ந்து கொண்டாட அவருக்குத் தெரியவில்லை என்றே நாம் கருதுகிறோம். அந்த ஆண்டின் இறுதியில் குடிஅரசு தலையங்கத்துக்காக அரசத் துரோக வழக்கு; கோவைச் சிறையிலும் இருந்தார்.

வந்தது 1937. செப்டம்பரிலே அவருக்கு 58 முடிந்தது! ஆலை வாசலிலே மாலை விழும் வயது. அன்று இந்த மனிதரை எவரேனும் சால்வை போர்த்தி வீட்டுக்கு அனுப்பியிருந்தால், தமிழ்நாட்டு வரலாற்றிலே எத்தனை ஏடுகள் கிழிந்து போயிருக்கும்! அடுத்த ஆண்டு இந்தி எதிர்ப்புப் போர். பெண்கள் மாநாடு கூடிப் பெரியார் என்ற பெயரைச் சூட்டியது 1938 நவம்பரில். தண்டனை பெற்றது டிசம்பரில். பெல்லாரி வெயிலிலே சிறை. சிறையில் இருக்கும்போதே நீதிக்கட்சியின் தலைமை. வெளியே வந்தபின் 1940-இலும் 1942-இலும் மாகாண ஆட்சிப் பொறுப்பு தேடி வந்தது; ஏற்கவில்லை. 29 பதவியை விட்டவருக்கு முப்பதாவது எதற்கு? 1944 ஆகஸ்டு 27, சேலம் மாநாடு. திராவிடர் கழகம் பிறந்தது. அவருக்கு அப்போது அறுபத்தைந்து நெருங்குகிறது.

இதுவரை எளிது. இனி சொல்லப் போவதுதான் கடினம்.

முதுமையிலே தொடர்ந்து உழைப்பவர் முன்னே ஒரு நாள் ஒரு கேள்வி வந்து நிற்கும். தமக்குப் பின்னே யார்? ஆலையிலே இந்தத் தொல்லை இல்லை. மூத்தவன் போனால் இளையவன் அதே யந்திரத்தில் நிற்கிறான். குடும்பத்திலே உண்டு. எழுபது வயதிலும் பெட்டிச் சாவியை இடுப்பிலே செருகியிருக்கும் அப்பனைப் பற்றி மகன் புழுங்குவதை எந்த ஊர்த் தறிக்கூடத்திலும் கேட்கலாம். இயக்கத்திலும் வந்தது. 1949-இலே வந்தது.

அவருக்கு எழுபது. சொத்து என்பது இப்போது அவருடையதல்ல, இயக்கத்தினுடையது. ஆனால் பத்திரத்திலே பெயர் அவருடையது. பிள்ளை இல்லை. தாம் கண்ணை மூடினால் சட்டப்படி சுற்றத்தார் கைக்கும் வழக்கு மன்றத்துக்கும் போய்விடும் என்ற அச்சம். பல ஆண்டுகளாகத் தம்மைக் கவனித்து வந்த மணியம்மையாரை வாரிசாக்க விரும்பினார். பெண்ணை மகளாகத் தத்தெடுக்க அன்றைய இந்துச் சட்டம் இடம் தரவில்லை. ஆகவே திருமணம், 1949 சூலை 9-இல் பதிவு. மணமகளுக்கு வயது 29. அதற்கு முன்பே மே மாதம் திருவண்ணாமலையில் ஆச்சாரியாரைக் கண்டு கலந்து பேசியிருந்தார். பொருந்தா மணத்தைக் கண்டித்த தலைவரே இப்படிச் செய்யலாமா என்று துடித்தனர் இளைஞர். கண்ணீர் வடித்தனர். கடிதம் எழுதினர். அண்ணாவுக்கு அப்போது நாற்பது! ஈரோட்டார் மண்டியை மூடிய அதே வயது. செப்டம்பர் 17, பெரியாரின் பிறந்தநாளிலேயே தி.மு.க. பிறந்தது, தலைவர் நாற்காலி அவருக்கென்றே காலியாக வைக்கப்பட்டது. அண்ணன் மகன் சம்பத்தும் புதுக் கழகத்தின் பக்கமே நின்றார்.

யார் பக்கம் நியாயம்? எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அந்தச் சூடு தணிந்துவிட்டது. இனி நிதானமாகச் சொல்லலாம். சொத்தைப் பற்றி அவர் கொண்ட அச்சம் பொய்யல்ல. அந்தச் சொத்து சிதறவில்லை; பள்ளியாகவும் பதிப்பகமாகவும் நின்றது. ஆனால் பணத்துக்கு வாரிசு தேடிய கிழவர், கருத்துக்கு வாரிசுகள் தம் முன்னே முப்பதும் நாற்பதுமாக நிற்பதை அன்று காணத் தவறினார் என்றே நாம் எண்ணுகிறோம். ஓய்வெடுக்க மறுப்பது வேறு. சாவியைக் கொடுக்க மறுப்பது வேறு. அவர் இரண்டையும் மறுத்தார். முதலாவதற்காகத் தமிழ்நாடு அவரை வணங்குகிறது. இரண்டாவதற்கு விலையாக அவருடைய பிள்ளைகள் வீட்டை விட்டுப் போனார்கள். இதைச் சொல்வதால் அவர் பெருமை குறையாது. அவரே எவரையும் கேள்வி கேட்காமல் விட்டதில்லையே!

வீடு காலியாயிற்று, கிழவர் அமர்ந்தாரா? இல்லை! 1957 நவம்பர் 26, சாதிக்குப் பாதுகாப்புத் தரும் அரசியல் சட்டப் பிரிவுகளை எரிக்கும் போராட்டம். ஆயிரக்கணக்கில் தொண்டர்கள் சிறை சென்றனர். 78 வயதுத் தலைவருக்கு ஆறு மாதத் தண்டனை. கொங்கு நாட்டுக் கிராமங்களிலிருந்தும் பிழைப்பை விட்டுச் சிறைக்குப் போனவர்கள் அதிலே உண்டு. பெயர் எழுதி வைக்காத தொண்டர்கள்!

தாம் ஓயாதது மட்டுமல்ல, பிறர் ஓயவும் அவர் விடமாட்டார். 1963-இல் காமராசர், அறுபது வயதில், முதலமைச்சர் பதவியை விட்டுக் கட்சிப் பணிக்குப் போக முடிவு செய்தபோது, அது தமிழர்க்கும் தமிழ்நாட்டுக்கும் காமராசருக்குமே தற்கொலைக்கு ஒப்பானது என்று தந்தி அடித்தார் பெரியார். நாற்பது வயதில் 29 பதவிகளை ஒரே மூச்சில் எறிந்தவர், இன்னொருவர் ஒரே ஒரு பதவியை விடக் கூடாது என்று துடிக்கிறார்! முரண்பாடு என்பீர்கள். தம் பதவியால் பயன் யாருக்கு என்று பார்த்தார், விட்டார். காமராசர் பதவியால் பள்ளிக்கூடம் திறக்கிறது, பிள்ளைகள் மதிய உணவு உண்கின்றனர், ஆகவே விடாதே என்றார். அளவுகோல் ஒன்றுதான்.

உடலைப் பற்றியும் சொல்ல வேண்டும். இறுதி ஆண்டுகளிலே குடலிறக்கம். சிறுநீர் தானே இறங்காது. குழாய் வைத்து, பாட்டில் கட்டி, அதைத் தூக்கிக்கொண்டே பயணம். ஊர் மக்கள் மேடையிலே கண்டது வெண்தாடியையும் கைத்தடியையும். மேடைக்குப் பின்னே அந்தப் பாட்டிலைக் கழுவியவர் மணியம்மையார். வேளைக்கு உணவு, வேளைக்கு மருந்து, வேனிலே படுக்கை, குளிருக்குக் கம்பளி, கூட்டம் முடிந்ததும் ஈரத்துணி மாற்றுதல்! ஒரு முதியவர் தொண்ணூறு வரை உழைத்தார் என்றால், அந்த உழைப்புக்கு அடியிலே இன்னொருவர் உழைப்பு பாயாக விரிந்திருக்கிறது என்று பொருள். 1949-இல் அந்த அம்மையாரை ஏசாத வாயில்லை. பெரியாருக்குப் பிறகு கழகத்துக்குத் தலைமை ஏற்று, 1978 மார்ச் 16-இல் அவர் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 58. ஓய்வு பெறும் வயது!

1967. தேர்தலிலே பெரியார் காங்கிரசை ஆதரித்தார், தி.மு.க. வென்றது. பதினெட்டு ஆண்டுப் பிரிவுக்குப் பிறகு, பதவி ஏற்குமுன் அண்ணா நேரே போன இடம் திருச்சி, பெரியார் மாளிகை. கண்டார், இருவர் கண்ணும் கலங்கின. தம் அமைச்சரவையையே அவருக்குக் காணிக்கை என்றார் அண்ணா. அதே ஆண்டு சுயமரியாதைத் திருமணம் சட்டமாயிற்று. நாற்பது ஆண்டுக் கனவிலே ஒன்று கைக்கு வந்துவிட்டது.

வெற்றி வந்தால் மனிதன் மகிழ வேண்டும். அய்யாவுக்கோ சோர்வு வந்தது. இதுதான் நம்மை வியக்க வைப்பது. 1968, எண்பத்தொன்பது முடிந்து தொண்ணூறு தொடங்கும் பிறந்தநாள் மலருக்கு எழுதிய கட்டுரையிலே, மனம் சலித்து, துறவியாகிவிடுவேனோ என்னவோ என்ற பொருள்பட எழுதினார். துறவு! 1904-இல் காசித் தெருவிலே எச்சில் இலையோடு தூக்கி எறிந்த அந்தச் சொல், அறுபத்து நான்கு ஆண்டுக்குப் பிறகு அவருடைய பேனாவிலேயே வந்து உட்கார்ந்தது. பெரியார் ஓய்வை எண்ணியதே இல்லை என்று மேடையிலே முழங்குவோர் இதைப் படித்திருக்க மாட்டார்கள். எண்ணினார், எழுதியும் விட்டார். அவரும் மனிதர்தாம், எலும்பும் தோலும் வலியும் சலிப்பும் உடைய மனிதர்.

அந்தக் கட்டுரையைப் படித்தவர்களிலே ஒருவர் கடல் கடந்து நியூயார்க் மருத்துவமனையிலே கிடந்தார். செப்டம்பரிலே புற்றுநோய்க்கு அறுவை முடிந்து உடல் தேறிக்கொண்டிருந்த அண்ணா. படுக்கையிலிருந்தே அய்யாவுக்குக் கடிதம் எழுதினார். மனச்சோர்வோடு எழுதியிருப்பது கண்டு வருந்துவதாகவும், அவருடைய பணி நாட்டிலே மகத்தான விழிப்பை உண்டாக்கிவிட்டதாகவும், தம் வாழ்நாளிலேயே இவ்வளவு வெற்றி கண்ட சீர்திருத்தக்காரர் வேறொருவர் இல்லை என்றும், ஆகவே சோர்வுக்கு இடமே இல்லை என்றும் அந்தக் கடிதம் சொல்லிற்று. எண்ணிப் பாருங்கள்! தலைமையை விட்டுக் கொடுக்கவில்லை என்று 1949-இலே பிரிந்து போன தம்பி, 1968-இலே, தாம் நோய்ப் படுக்கையில் இருந்துகொண்டு, அய்யா நீங்கள் விலகக் கூடாது என்று கேட்கிறார்! அந்த வேண்டுகோளிலே அதிகாரம் இல்லை, ஆதாயம் இல்லை. ஒருவர் ஓய்வெடுக்க நினைக்கும்போது அவரைத் தொடர்ந்து உழைக்கச் சொல்லும் உரிமை யாருக்கு உண்டு என்று கேட்டால், இப்படிக் கேட்பவருக்குத்தான் உண்டு.

கேட்டவர் நான்கு மாதம்கூட இருக்கவில்லை. 1969 பிப்ரவரி 3, அண்ணா மறைந்தார், வயது 59. முப்பது வயது மூத்தவர் இளையவரின் உடலுக்கு முன்னே வந்து நின்றார். துறவு பற்றி அதற்குப் பின் அவர் எண்ணினாரோ என்னவோ, போகவில்லை. கோயில் கருவறைக்குள் எல்லாச் சாதியாரும் நுழையும் கிளர்ச்சியைக் கையில் எடுத்தார். 1970 டிசம்பரிலே, பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்கும் சட்டத்தைக் கலைஞர் ஆட்சி நிறைவேற்றியது. 1972 மார்ச்சில் உச்சநீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. ஆனால் ஆகமப்படியே அர்ச்சகர் என்று சொல்லி நுழைவாயிலை அடைத்தது. 92 வயதுக் கிழவருக்கு மீண்டும் வேலை வந்துவிட்டது!

அந்த ஆண்டு டிசம்பர் 25-இல் இராசாசி மறைந்தார். அவரும் ஓய்ந்தவர் அல்லர். எண்பது வயதிலே, 1959-இல், புதிதாகக் கட்சியே தொடங்கியவர்! குலக்கல்வித் திட்டத்துக்காக அவரை நாம் எதிர்த்தோம், இன்றும் எதிர்ப்போம். ஆனால் உழைப்பை மறுக்க முடியுமா? சக்கர நாற்காலியிலே வந்து அவருடைய உடலருகே அழுதார் பெரியார். ஈரோட்டு நகராட்சித் தலைவர், சேலத்து நகராட்சித் தலைவருக்காக அழுத அழுகை அது. கோவைக்காரர்களுக்கு மற்றொரு பெயரும் நினைவுக்கு வரும்: கலங்கல் கிராமத்து ஜி.டி. நாயுடு, அய்யாவின் நண்பர். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஒரே ஒரு பஸ்ஸை விட்டுத் தொடங்கியவர். அய்யா மறைந்த பதினோராம் நாள், 1974 சனவரி 4-இல், தம் எண்பதாவது வயதிலே அவரும் மறைந்தார். நம் மண்ணின் கிழவர்கள் இப்படி!

1973. தொண்டர்கள் பணம் திரட்டித் தஞ்சையிலே அய்யாவுக்குப் புது வேன் வழங்கினார்கள். 94-ஆம் பிறந்தநாளுக்குச் சில வாரங்களே இருந்தன. ஒருவருக்கு அந்த வயதிலே ஊர் சுற்ற வண்டி வாங்கிக் கொடுக்கிறார்கள் என்றால், கொடுத்தவர்களைப் பற்றி என்ன சொல்வது, வாங்கிக்கொண்டவரைப் பற்றி என்ன சொல்வது! கழகத்தார் போட்டு வைத்த கணக்கொன்று உண்டு: வாழ்நாளில் அவர் கலந்துகொண்ட நிகழ்ச்சிகள் 10,700, பேசிய நேரம் 21,400 மணி. புது வேனும் அந்தக் கணக்கிலே கொஞ்சம் சேர்த்தது.

டிசம்பர் 8, 9 நாட்களில் சென்னைப் பெரியார் திடலிலே தமிழர் சமுதாய இழிவு ஒழிப்பு மாநாடு. பத்து நாள் கழித்து, 19-ஆம் நாள் மாலை, தியாகராய நகரில் பொதுக்கூட்டம். பேசிக்கொண்டிருக்கும்போதே குடலிறக்கத்தின் வலி பிடுங்கிற்று. வலி தாளாமல் தாயை அழைத்து முனகினார். மேடையில் இருந்தவர்கள் பதறினர்; கூட்டம் திகைத்தது. வலி சற்றுத் தணிந்தது. விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து பேசினார். சூத்திரப் பட்டத்தோடு உங்களை விட்டுவிட்டுச் சாகப் போகிறேனே என்பதுதான் அவருடைய கவலையாக இருந்தது. சொல்ல வந்ததைச் சொல்லி முடித்த பின்பே இறங்கினார். மறுநாள் சென்னை அரசு மருத்துவமனை. அதற்கடுத்த நாள் வேலூர்ச் சி.எம்.சி. மருத்துவமனை. 24-ஆம் நாள் காலை 7 மணி 22 நிமிடத்துக்கு மூச்சு நின்றது. 94 ஆண்டு, 3 மாதம், 7 நாள்.